மொக்கையன், த/பெ காளை

லிங்கன், இங்கிலாந்து
3 நவம்பர் 2024

அன்புள்ள செல்வி,

உன் எண்ணுக்கு நாலு நாளாக எதுவும் போய்ச் சேரவில்லை. ஒற்றை டிக். ஆகவே காகிதம். வீட்டுக்கு அனுப்பப் பயந்து நீ வேலை பார்க்கும் பள்ளி முகவரியைப் போட்டிருக்கிறேன். ஆசிரியர் அறையில் யாராவது ஸ்டாம்பு கேட்டால் கிழித்துக் கொடுத்துவிடு.

இங்கே ஆவணக் காப்பகத்துக்குள் பேனா கூடாது. பென்சில்தான். சுருளை விரித்தால் அது மறுபடி சுருண்டுகொள்ளப் பார்க்கும். துணிக்குள் ஈயக்குண்டு கோத்த கயிறு ஒன்று தருவார்கள், ஓரத்தில் படுக்க வைக்க. ஆட்டுத்தோல். எழுநூறு வருடம். யாரும் பார்க்காதபோது மோந்து பார்த்தேன். ஆட்டு வாடை போய்விட்டது.

நான் படிப்பது ஹேதர்பி என்ற ஊரை. இந்த லிங்கன்ஷைர் மாவட்டத்தில் ஒரு பிரபுவின் பண்ணை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை அவனுடைய ஆள் உட்கார்ந்து வழக்குக் கேட்பான். யார் செத்தது, யார் நிலத்தில் ஏறியது, யார் அனுமதி கேட்காமல் மகளைக் கட்டிக்கொடுத்தது, எல்லாம் லத்தீனில். குடியானவன் செத்தால் அவன் வீட்டு நல்ல மாடு பண்ணைக்குப் போகும். அதன் பிறகுதான் மகன் ஏர் பூட்டலாம். போன வாரம் சுருளில் ஒரு விதவை வந்தாள். ஒரே பசு. அதையும் நிறத்தோடு எழுதி வைத்திருக்கிறான்.

சில பேருக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சொல் வரும். நேட்டிவுஸ். பிறந்தவன். அதாவது, அடிமையாகவே பிறந்தவன், பண்ணையை விட்டு வெளியேற முடியாதவன். அந்த இடத்தில் சிரித்துவிட்டேன். எதிர் மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். விடுதியில் முதல் நாள் நீ என்னைக் கேட்டாயே, “ஒனக்கு நேட்டிவ் எது?” என்று. ஊர்ப் பெயரைச் சொன்னேன். “அதுல எந்தப் பக்கம்?” என்றாய். பிறகு நீயே நாக்கைக் கடித்துக்கொண்டு பாதி வாழைப்பழத்தை நீட்டினாய்.

மூன்று பக்கம் ஆகிவிட்டது. சொல்ல வேண்டியதை இன்னும் சொல்லவில்லை.

அப்பா மனுப் போட்டிருக்கிறார். சமயநல்லூர் தாண்டி, நாலுவழிச் சாலைக்கு மேற்கே, இரண்டு ஏக்கர் பதினான்கு சென்ட். உன் அண்ணன் கல் ஊன்றிப் பிளாட் பிரிக்கும் அதே நிலம். அது பஞ்சமி நிலம் என்கிறார் அப்பா. வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் ஆட்களுக்கென்று கொடுத்தது. வேறு யாரும் வாங்கக் கூடாதது. ஆனால் அவரிடம் இருப்பது வாய்ப்பேச்சுதான். அலுவலகத்தின் பழைய பதிவேட்டில் அந்தப் பக்கத்துக்கு முந்தின பக்கம் இருக்கிறது, பிந்தின பக்கம் இருக்கிறது.

மனுவை எழுதிக்கொடுத்தது நான். ஆகஸ்டில். உன் கண்ணாடிக்கு ஃபிரேம் தேடித் தல்லாகுளத்தில் இரண்டு பேரும் கடை கடையாக அலைந்த அதே வாரம். ஏழு கடை. ஒரு கடையில்கூடச் சொல்லவில்லை.

நோட்டீஸ் வருமுன் என்னிடமிருந்து உனக்குத் தெரியட்டும் என்றுதான் இது.

உன்,
பவா

•

தல்லாகுளம், மதுரை
24 நவம்பர் 2024

பவா,

நோட்டீஸ் தீபாவளிக்கு முந்தின நாளே வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டு வாங்கியது நான். அடுப்பில் அதிரசத்துக்குப் பாகு. மனுதாரர் சோணைமுத்து, ஓய்வுபெற்ற நடத்துனர் என்று படித்துக்கொண்டு நின்றதில் பாகு முறிந்துவிட்டது. உன் கடிதம் அதற்குப் பத்தொன்பது நாள் கழித்து வந்தது.

‘மேற்படி நிலத்தை உரிமை ஏதுமின்றி அனுபவித்துவரும்’ என்ற வரியைப் படித்ததுமே நடை தெரிந்துவிட்டது. உன் எம்.ஏ. கட்டுரைகளுக்குச் சந்திப்பிழை திருத்தியவள் நான்.

உன் எண்ணை எடுக்கச் சொன்னது அண்ணன். கத்தவில்லை. “அந்தப் புள்ள நம்ம வீட்டுல தங்கிப் படிச்ச புள்ளைல்ல?” என்று மட்டும் கேட்டான். எடுத்துவிட்டேன்.

உனக்கு அண்ணன் அழகுபாண்டி எதிர்மனுதாரர். எனக்கு, தேனியில் என் மாமியார் வீட்டு வாசலில் நின்று, “பையை எடு ஆத்தா, போவோம்” என்றவன். ஏன் என்று இன்றுவரை கேட்கவில்லை. மூன்று வருடமாக அண்ணன் வீட்டுக் கூடத்தில் படுக்கிறேன். விருந்தாள் வந்தால் பாயைச் சுருட்டுகிறேன். அந்த நிலத்தின் வடகிழக்கு மூலையில் மூணு சென்ட் எனக்கு. கல் நட்டாயிற்று. கல்லில் அவனே பெயின்ட்டால் ‘செ’ என்று எழுதியிருக்கிறான். கொம்பு கோணல். உன் சுருளில் பசுவின் நிறம்கூட வருகிறது. இந்த மூணு சென்ட் எங்கே வரும்?

ஆதாரம் இல்லை என்கிறாய். எங்களிடம் இருக்கிறது. பட்டாவே இருக்கிறது. எங்கள் சாமிப் பெட்டியில். மாசியில் சிவராத்திரிக்கு ஊரே கூடித் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போவோமே, அந்தப் பெட்டி. சாமியின் துணி, சலங்கை, அந்தக் காகிதம். பூசாரி வருடா வருடம் அதற்கு மஞ்சள் தடவி வைக்கிறார். பெண்கள் தொடக்கூடாது. ஆனால் யார் பெயர் என்று குழந்தைக்கும் தெரியும். மொக்கையன். என் தாத்தாவின் தாத்தா. அவரை வைத்துத்தான் எங்கள் வகையறாவே.

உன் அப்பாவுக்கு எழுது. வயதான காலத்தில் வெயிலில் அலைய வேண்டாம்.

செல்வி

•

லிங்கன்
12 டிசம்பர் 2024

செல்வி,

நீ திட்டியது சரி. ஆனால் கடைசிக்கு முந்தின பத்தியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை.

எங்கள் வீட்டிலும் ஒரு மொக்கையன்.

அப்பாவைப் போனில் கேட்டேன். “அவருதாம்மா பட்டா வாங்குனது. கண்டித் தோட்டத்துக்குப் போறப்ப, காயிதத்தப் பெரிய வீட்டுல குடுத்து, பத்திரமா வச்சிருங்க சாமீன்னுட்டுப் போனாராம். ஒம்பது வருசம். திரும்பி வந்து பாத்தா நெலத்துல வேற ஏரு ஓடுது.” பெரிய வீடு எது என்றேன். “நீ தங்கிப் படிச்ச வீடுதாம்மா” என்றார்.

பத்திரமாகத்தான் வைத்திருக்கிறீர்கள்.

ஹேதர்பியில் ஒரே வருடத்தில் மூன்று வில்லியம். எழுதியவன் குழம்பவில்லை. ஆடமின் மகன் வில்லியம், கிணற்றடி வில்லியம், நொண்டி வில்லியம். பெயரைப் படிக்காதே, பெயருக்குப் பிறகு வருவதைப் படி என்று என் பேராசிரியர் முதல் வாரமே சொன்னார். அந்தக் காகிதத்தில் மொக்கையத் தேவன் என்று இருக்கிறதா, வெறும் மொக்கையனா? உங்கள் ஆட்களுக்குப் பட்டம் போடாமல் அந்தக் காலத்து எழுத்தர் விட்டிருக்க மாட்டார். எங்களுக்குப் போட்டிருக்கவும் மாட்டார். தகப்பன் பெயர் என்ன? எங்கள் மொக்கையனின் தகப்பன் காளை. கீழே ஒரு நிபந்தனை இருக்கும். ‘பாராதீனம்’ என்ற சொல் வரும். வேறு கைக்கு மாற்றுவது என்று பொருள். பஞ்சமர் தவிர மற்றவருக்குச் செய்யக்கூடாது என்று இருக்கும்.

இங்கே குடியானவனுக்குத் தனிப் பத்திரம் கிடையாது. பண்ணைச் சுருளில் அவனைப் பற்றி எழுதிய வரிகளை நகலெடுத்துக் கொடுப்பார்கள். அந்த நகல்தான் அவனுடைய நிலம். அவனுக்குப் பெயரே காப்பிஹோல்டர், நகல்காரன். வீட்டுப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றுவான். வேறு சில ஊர்களில் கலகம் வந்தபோது பண்ணைச் சுருள்களைத் தெருவில் போட்டு எரித்தார்கள், தாங்கள் அடிமைகள் என்று எழுதியிருந்ததால். எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்களுக்கு எரிக்க ஒன்றுமில்லை. இருக்கிற ஒரே காகிதத்துக்கும் நீங்கள் மஞ்சள் தடவுகிறீர்கள்.

பூசாரி உன் சித்தப்பாதானே. ஒரு போட்டோ போதும். மாசி வரை காத்திருக்காதே. உன்னால் முடியும்.

பவா

•

தல்லாகுளம்
5 ஜனவரி 2025

பவா,

மாட்டேன்.

தொடக்கூடாது என்பதால் இல்லை. தொட்டால் கண் போய்விடும் என்று நம்புகிறவள் நான் இல்லை, உனக்குத் தெரியும். என்னை வீட்டுக்குள் விட்டவன் வீட்டில் திருட மாட்டேன். அவ்வளவுதான்.

நீ கேட்கவும் வேண்டியதில்லை. மார்ச் நாலாம் தேதி விசாரணை. அண்ணனே காகிதத்தை நேரில் கொண்டுபோகிறான். வக்கீல் முதலில் தன்னிடம் காட்டச் சொன்னார். “சாமிக் காயிதம்யா அது. ஒங்க மேசைல டீ கிளாஸுக்குப் பக்கத்துல வைக்க மாட்டேன். நேரா அதிகாரிகிட்டதான்” என்றுவிட்டான். மொக்கையன் என்ற பெயரே போதும் என்று இருக்கிறான். நானும் அப்படித்தான் இருந்தேன், உன் கடிதம் வரும் வரை.

அந்தக் கடிதத்தை அவனிடம் காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை. ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்களுக்கு அடியில் கிடக்கிறது. உனக்காக என்று எடுத்துக்கொள்ளாதே. எனக்கே ஏன் என்று தெரியவில்லை.

பெயருக்குப் பிறகு என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததில்லை. பார்க்கவும் போவதில்லை.

செல்வி

•

லிங்கன்
24 ஜனவரி 2025

செல்வி,

ஞாயிற்றுக்கிழமை ஹேதர்பிக்குப் போனேன். பேருந்து போகாது. கடைசி நாலு மைல் நடந்தேன்.

ஊர் இல்லை. அது தெரிந்துதான் போனேன். கம்பளி விலை ஏறியதும், ஆட்டுக்கு இடம் வேண்டுமென்று பின்னால் வந்த பிரபு ஒருவன் எல்லோரையும் வெளியேற்றினான். இப்போது ஒரு மேய்ச்சல் நிலம். புல்லுக்கு அடியில் வரிசையாக மேடு. வீட்டுச் சுவர்கள். நடுவில் ஒரு பள்ளம், தெரு. அந்த விதவையின் வீடு இடதுபக்கம் கடைசி என்று சுருளை வைத்துக் கணக்குப் போட்டிருந்தேன். அங்கே போய் நின்றேன். ஆடுகள் கொஞ்சம் தள்ளி நின்று என்னைப் பார்த்தன. எவ்வளவு நேரம் நின்றாலும் செய்ய ஒன்றும் இல்லை. திரும்பி நடந்தேன். ஷூவுக்குள் தண்ணீர்.

வழியெல்லாம் உன் ‘மாட்டேன்’.

போன கடிதத்தை உனக்கு எழுதவில்லை நான். ஓர் ஆவணக் காப்பகத்துக்கு எழுதினேன். இந்த எண், இந்தப் பெட்டி, இந்தத் தாள், எடுத்துத் தரவும். நீ எந்தக் கூடத்தில் படுக்கிறாய் என்று எழுதியிருந்தாய். அதைத் தாண்டிக் காகிதத்துக்குப் போய்விட்டேன்.

நீ எதுவும் செய்யாதே. அப்பா வெறுங்கையோடு போவார். வாயால் சொல்வார். முப்பது வருடம் பஸ்ஸில் கத்திய குரல். கேட்கட்டும்.

அந்தக் கடிதத்தை அண்ணனிடம் காட்ட வேண்டும் என்று தோன்றினால் காட்டிவிடு. நான் கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று எழுதப் பார்த்தேன். அது பொய். ஆனாலும் காட்டு.

பவா

•

தல்லாகுளம்
9 மார்ச் 2025

பவதாரிணி,

விசாரணையில் நடந்ததை உன் அப்பா சொல்லியிருப்பார். அவர் பார்த்தது பாதி.

மூன்றாம் தேதி மத்தியானம், அண்ணன் குளித்து வேட்டி மாற்றிக்கொண்டு காகிதத்தை எடுத்து வந்தான். கூடத்தில் வாழை இலை விரித்து அதன்மேல் வைத்தான். “படி ஆத்தா. தமிழ் டீச்சருல்ல நீ? நாளைக்கி அந்த அதிகாரியம்மா கேட்டா நானும் ரெண்டு வார்த்த சொல்லணும்ல” என்றான். மடிப்பைப் பிரித்ததும் அவன்தான். நான் தொடவில்லை. குனிந்தேன்.

புள்ளி வைக்காத எழுத்து. மேல் பாதியில் மஞ்சள் உதிர்ந்திருந்தது. கீழ் பாதியில் பத்தை பத்தையாக. அண்ணனுக்கு அது வெறும் மஞ்சள். தலையைச் சாய்த்தால் உள்ளே மை ஓடுவது தெரிந்தது. சாய்த்தேன். பெயர். பெயருக்குப் பிறகு. அதற்குக் கீழே நாலு வரி. நீ எழுதிய சொல் அப்படியே இருந்தது. எல்லாவற்றையும் படித்தேன். ரெண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

“என்னா, டீச்சரே எழுத்துக் கூட்டுது?” என்று அண்ணி அன்னக்கொடி சிரித்தாள்.

“மொக்கையன்” என்று படித்தேன். “ரெண்டு ஏக்கர் பதினாலு சென்ட்டு.”

“அப்புறம்?”

“அப்புறம் மஞ்சளாக் கெடக்குண்ணே.”

“பேரு இருக்குல்ல? அது போதும்.” கன்னத்தில் போட்டுக்கொண்டு மடித்தான்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது பெட்டிக்குத் திரும்பியிருக்கும். இன்னும் நூறு வருடம் மஞ்சள் பூசிக்கொண்டு இருந்திருக்கும். அந்த வார்த்தை வாய்வரை வந்தது. நான் சோறு வடிக்கப் போய்விட்டேன்.

மறுநாள் என்னையும் கூட்டிப்போனான். உன் அப்பா எங்களைப் பார்த்து எழுந்து நின்றார். என்னிடம், “நல்லாருக்கியாம்மா?” என்றார். அண்ணன் முன்னால் தலையை மட்டும் ஆட்டினேன்.

அதிகாரி என் வயதுப் பெண். காய்ந்த பிரஷ் ஒன்றை வரவழைத்து மஞ்சளைத் தட்டச் சொன்னார்.

“இது உங்க பாட்டனா?”

“ஆமாங்கம்மா. மொக்கையத் தேவர். எங்க வகையறாவுக்கே அவருதான் மூத்தவரு.”

“அவரோட அப்பா பேரு?”

“ஒச்சாத் தேவரு.” நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்.

அவர் மறுபடி குனிந்தார். “இதுல த/பெ காளைனு இருக்கு. தேவர்னும் இல்லையே” என்றார். பிறகு கீழே இருந்ததை வாய்விட்டுப் படித்தார். நாலு வரி. ஒரு சொல்லையும் விடவில்லை. எங்கள் வக்கீல் கையிலிருந்த பேனாவை மூடினார்.

உன் அப்பா கத்துவார் என்று பார்த்தேன். “அம்மா, நான் ஒரு தடவ தொட்டுப் பாத்துக்கிறலாங்களா?” என்றுதான் கேட்டார். அண்ணன் பதறி எழுந்தான். “யோவ், சாமிக் காயிதத்த...” என்று தொடங்கினான். நின்றபடி அந்தக் காகிதத்தையே பார்த்தான். நாங்கள் இத்தனை வருடம் கும்பிட்டது யாரை என்று எனக்கு முதல் நாளே தெரியும். அவனுக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது.

உத்தரவு பிறகு வருமாம். காகிதம் கோப்பில் இருக்கிறது. வக்கீல் இனி ஒன்றும் இல்லை என்கிறார்.

திரும்பும்போது அண்ணன் வண்டியை மெதுவாக ஓட்டினான். சிக்னலில், “ஒனக்குத் தெரியலையாத்தா?” என்று கேட்டான். திரும்பிப் பார்க்கவில்லை.

“தெரியலண்ணே.”

“அம்புட்டு மஞ்சளுக்குள்ள என்னத்தத் தெரியும். நீ என்ன செய்வ.” பச்சை விழுந்தும் வண்டி நகரவில்லை. பின்னால் ஹாரன். “ஒன் மூணு சென்ட்டு போச்சேன்னுதான் எனக்கு. இருக்கட்டும். வேற எங்கயாச்சும் பாப்போம்.”

அவன் நம்பிவிட்டான், பவதாரிணி. அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

உனக்காகச் செய்யவில்லை. நியாயத்துக்காக என்றும் சொல்லிக்கொள்ள மாட்டேன். அந்த நாலு வரியைப் படித்த பிறகு படிக்காதவளாக ஆக எனக்குத் தெரியவில்லை. அவனிடம் சொல்லவும் தெரியவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில்.

கூடத்தில்தான் படுக்கிறேன். அண்ணி போர்வையை இழுத்து விட்டுப் போகிறாள். வரும் வருடம் பெட்டியில் எதை வைப்பது என்று சித்தப்பாவும் அண்ணனும் பேசிக்கொள்கிறார்கள். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்துகிறார்கள், நான் வருத்தப்படுவேன் என்று.

நீ இனி எழுத வேண்டாம். பள்ளிக்கும் வேண்டாம். உன் கடிதங்களைத் திருப்பி அனுப்பவில்லை, எரித்துவிட்டேன். மூன்றையும்.

உன் அப்பாவிடம் இதைச் சொல்லாதே. சொன்னால் அந்த மனுசன் நன்றி சொல்ல வருவார். வெற்றிலை பாக்கோடு வருவார். வாசலில் அண்ணன் நிற்பான்.

படித்ததும் இதைக் கிழித்துவிடு. நீ எந்தக் காகிதத்தையும் கிழிக்க மாட்டாய். இதை மட்டும் கிழி.